அமாவாசைக்கு வீடு பார்க்க வந்தவர்

1

இன்று காலை அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டேன். பிரிக்காத முழு மூட்டை. இடுப்பு பிடித்துக்கொண்டது. அதோடு விட்டேனா? மிக்ஸியை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றினேன். குளியலறைச் சாக்கடை ஓட்டையில் பழைய துணியைச் சுருட்டி அடைத்தேன். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கப் போனபோது என் வீட்டுக்காரர் அடுப்படி வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இங்க எந்தக் கடல் வந்து உன் ஃப்ரிட்ஜைத் தொடப் போகுது?"

அப்போதுதான் உறைத்தது. நாங்கள் இப்போது இருப்பது டாலிகஞ்சில், மேட்டில், ஒரு வாடகை வீட்டின் மாடியில். கடல் இங்கே ஏறி வரவேண்டுமென்றால் பாதி போர்ட் பிளேயரை விழுங்கிவிட்டுத்தான் வரவேண்டும். ஆனால் நாள்காட்டியில் இன்று அமாவாசை. அதுவும் கார்த்திகை அமாவாசை. சிப்பிகாட்டில் அத்தனை வருடம் குடியிருந்த உடம்புக்கு அமாவாசை என்றால் சாமானைத் தூக்கு என்று மட்டும்தான் தெரியும். குடிவந்த புதிதில் இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தேன். அப்புறம் மறந்துபோயிருந்தது. இன்றைக்கு என்னவோ கை தானாகப் போய்விட்டது. ஏன் என்று யோசித்தால் தெரிகிறது. போன வருடம் இதே கார்த்திகை அமாவாசையன்றுதான் எங்கள் சிப்பிகாட்டு வீட்டை விலைக்குப் பார்க்க ஒருவர் வந்தார்.

2

ஊரில் உங்களுக்கு அமாவாசை என்றால் தலை முழுகுவது, வாழை இலை, உளுந்துவடை, காக்காய்க்குச் சோறு. எனக்கும் இருபத்தைந்து வயது வரை அப்படித்தான் இருந்தது. பரமக்குடிக்குப் பக்கத்தில், குழாயடியில் குடத்தை வரிசையில் போட்டுச் சண்டை பிடித்து வளர்ந்தவள் நான். அந்தமானில் மாப்பிள்ளை என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். அங்கே வருடத்தில் பாதிக்கு மேல் மழை பெய்யுமாம், இனிமேல் குடம் தூக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு கப்பலேறினேன். தண்ணீர் விஷயத்தில் நான் போட்ட கணக்கு அன்றிலிருந்து இன்றுவரை ஒன்றுகூடச் சரியாக வந்ததில்லை.

அவருக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வேலை. தீவுகளுக்குப் போகும் படகுகளுக்கு டிக்கெட் கொடுக்கும் இடம். எனக்கு ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. மகள் பிறந்து நடக்க ஆரம்பித்ததும் சிப்பிகாட்டில் ஒரு சின்ன வீட்டை வங்கிக் கடனில் வாங்கினோம். சுனாமி முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். விலை மலிவு. ஏன் மலிவு என்று கேட்கத் தோன்றவில்லை.

எங்களுக்கு அந்த வீட்டை விற்றவர் அஷ்டமியன்று வந்து பார்க்கச் சொன்னார். அஷ்டமியில் போய் யாராவது வீடு பார்ப்பார்களா என்று நான் இழுத்தேன். அவருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை போல என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். போய்ப் பார்த்தோம். பின்னால் தென்னை, பாக்கு. அதற்கும் பின்னால் சேற்று நிலமும் அலையாத்தி மரங்களும். காற்று சும்மா அள்ளிக்கொண்டு போனது. தரை காய்ந்து கிடந்தது. அன்றே முன்பணம் கொடுத்தோம்.

குடிபோன பிறகு வந்த முதல் பௌர்ணமிக்குத்தான் விவரம் புரிந்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் மிக உயரமாக ஏறும். அஷ்டமி, நவமியில் ஏற்றம் மிகக் குறைவு. சிப்பிகாட்டில் தாழ்ந்த இடத்தை விற்கிறவர்கள் எந்த மொழிக்காரராக இருந்தாலும் சரி, வாங்க வருபவரை அஷ்டமிக்குத்தான் வரச் சொல்வார்கள். நாம் ஆகாது என்று ஒதுக்கிவைக்கும் நாள்தான் அங்கே வீடு விற்க நல்ல நாள்.

3

கடல் எங்கள் வீட்டுக்கு வாசல் வழியாக வந்ததில்லை. விருந்தாளி மாதிரி வந்திருந்தால் கதவையாவது சாத்தியிருக்கலாம். அது குளியலறைச் சாக்கடை ஓட்டை வழியாகக் கொப்பளித்துக்கொண்டு வரும். காலை பத்து மணி வாக்கில் உள்ளே வந்து, அடுப்படி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்குள் திரும்பிவிடும். போகும்போது தரை முழுக்கச் சேற்றையும் சுவரில் ஒரு வெள்ளைக் கோட்டையும் விட்டுப் போகும். ஆரம்பத்தில் வருடத்துக்கு நாலைந்து தடவை வந்தது, பிறகு மழைக்காலம் முழுக்க வந்தது, கடைசியில் எல்லா அமாவாசைக்கும் எல்லாப் பௌர்ணமிக்கும் வந்தது. நில நடுக்கத்தில் இந்தப் பக்கம் நிலம் தாழ்ந்துவிட்டது என்றார் ஒருவர். உலகம் சூடாகிக் கடல் உயர்கிறது என்றார் இன்னொருவர். எங்கள் அடுப்படிக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் அரைநாள் விடுப்பு எடுப்பேன். ஒரு அமாவாசையையும் விடாமல் விடுப்பு எடுக்கிறாளே, எவ்வளவு பக்தி என்று தலைமை ஆசிரியர் மற்றவர்களிடம் சொல்வாராம். அமாவாசை டீச்சர் என்றே பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள். நான் துடைப்பத்தோடு சேற்றில் நிற்பது அவர்களுக்கு எங்கே தெரியும்?

செலவைத்தான் சொல்லவேண்டும். புயல் வந்து கூரையைப் பிய்த்துப் போட்டால் அது ஒரே செலவு, எல்லாரும் வந்து பார்ப்பார்கள், பரிதாபப்படுவார்கள். இது அப்படியில்லை. கிணறு உப்பானது, தண்ணீர் வண்டிக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தோம். மோட்டார் துருப்பிடித்தது, மாற்றினோம், மறுபடியும் துருப்பிடித்தது. பாக்கு மரங்கள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப் போட்டன. தேங்காய் கடையில் வாங்கினோம். மழை வரவேண்டிய மாதத்தில் வராமல் வரக்கூடாத மாதத்தில் கொட்டியதில், கொல்லையில் போட்ட கீரைகூட மிஞ்சவில்லை. கடல் கொந்தளித்துக் கப்பல் தள்ளிப்போகும் வாரங்களில் வெங்காயம் வாங்கக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்னச் செலவு. சேர்த்துப் பார்த்தால் இரண்டு பேர் சம்பளத்தில் ஒரு ஆள் சம்பளத்தைக் கடல் எங்களுக்கு முன்னால் வந்து வாங்கிக்கொண்டு போனது.

இதோடு தரையை உயர்த்தும் வேலை வேறு. இடிந்த கட்டடத்துக் கல்லும் மண்ணும் லாரியில் கொண்டுவந்து கொட்டி, மேலே சிமெண்ட் பூசுவோம். இரண்டு வருடம் தாங்கும். மறுபடி உயர்த்துவோம். தரை உயர்ந்தது, கூரை உயரவில்லை. நிலைவாசலில் என் வீட்டுக்காரருக்குத் தலை இடிக்க ஆரம்பித்தது. மின்விசிறியின் தண்டை வெட்டிச் சின்னதாக்கினோம். மகளின் உயரத்தை வருடா வருடம் சுவரில் பென்சிலால் குறித்து வைத்திருந்தோம். உப்பரித்த அடிச்சுவருக்கும் சிமெண்ட் பூசியதில் அவளுடைய மூன்று வயதுக் கோடும் நான்கு வயதுக் கோடும் அதற்கு அடியில் போயின.

ஒருமுறை நிவாரணம் கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். புயலுக்கு உண்டு, நில நடுக்கத்துக்கு உண்டு, தீ விபத்துக்கும் உண்டு. மாதம் இரண்டு முறை வந்து, தானாகவே திரும்பிப் போகும் தண்ணீருக்கு எந்தத் தலைப்பிலும் இடமில்லை. "ஏக் பார் மே ஆனா சாஹியே, மேடம்" என்றார். ஒரே தடவையாக வரவேண்டுமாம். கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் அது ஆபத்து இல்லையாம். டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

4

அவர் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தபோது எங்களுக்குள் பயம் உட்கார்ந்தது. கடன் இன்னும் பாக்கி. வீடு விற்காவிட்டால் ஓய்வுப் பணம் அத்தனையும் அந்தச் சேற்றுக்குத்தான் போகும். அதற்கப்புறம் ஒரு அவசரம் என்றால் எங்கள் கையில் எதுவும் இருக்காது. மகள் படித்து முடித்துப் பெங்களூரில் வேலைக்குப் போயிருந்தாள். வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் சொல்வாள். பாதித் தமிழ், மீதி இந்தி. விலை வந்தால்தானே கொடுப்பது?

கடைத்தெருவில் நாலு பேரிடம் சொல்லி வைத்தோம். தனபால் என்றொருவர் போன் செய்தார். மூன்று தலைமுறையாக இந்தத் தீவிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். சின்ன வயது. மனைவி, கைக்குழந்தை. ஏதோ வியாபாரம் செய்கிறார் என்று மட்டும் கடைக்காரர் சொல்லியிருந்தார். அவர் போனில் கேட்ட கேள்விகள் விசித்திரமாக இருந்தன. உப்பங்கழி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? பின்னால் அலையாத்தி மரம் இருக்கிறதா? மண் களிமண்ணா?

வில்லங்கமான ஆள், எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கேட்கிறான் என்று என் வீட்டுக்காரர் உஷாரானார். ஜெட்டியில் இத்தனை வருடம் பயணிகளைச் சமாளித்த வாய் அல்லவா? உப்பங்கழி ரொம்பத் தூரம் என்றார். அலையாத்தி மரமெல்லாம் அந்தக் காலத்தில் இருந்தது, இப்போது சுத்தமாக இருக்கிறது என்றார். மண் நல்ல கெட்டியான செம்மண், சொட்டுத் தண்ணீர் தேங்காது என்றார். அவர் சொல்லச் சொல்ல மறுபக்கத்தில் குரல் இறங்கிக்கொண்டே போனது. யோசித்துச் சொல்கிறேன் என்று தனபால் போனை வைத்துவிட்டார்.

"எம்புட்டு நல்லதாச் சொன்னாலும் ஆளு மடங்க மாட்டேங்கிறானே" என்று இவருக்கு வருத்தம். அடுத்த போனில் இன்னும் கொஞ்சம் நல்லதாகச் சொன்னார். தனபால் இன்னும் கொஞ்சம் பின்வாங்கினார்.

கடைசியில் ஒருநாள் அவரே கூப்பிட்டு, ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். இவர் உடனே நாள்காட்டியைப் பார்த்து அஷ்டமியைச் சொன்னார். தனபால் அமாவாசை என்றார். அன்று எனக்கு டூட்டி என்று இவர் பொய் சொன்னார். அப்படியானால் அடுத்த அமாவாசைக்கு வருகிறேன், அமாவாசை இல்லாவிட்டால் வேண்டாம் என்று தனபால் தீர்த்துச் சொல்லிவிட்டார். நிறைந்த அமாவாசையாகப் பார்த்து வருகிறார், நல்ல பக்திமான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று எங்கள் இருவருக்கும் பெரிய சண்டை. சாக்கடை ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, தனபால் வரும் ஒருநாள் மட்டும் மணல் மூட்டை போட்டுச் சமாளித்துவிடலாம் என்பது அவர் யோசனை. முன்பணம் கைக்கு வந்துவிட்டால் போதும் என்றார். எனக்கு அந்தக் கைக்குழந்தையின் நினைப்பாகவே இருந்தது. எங்கள் மகள் ஓடி விளையாடிய தரையில் அது தவழும். அதன் அம்மா என்னைப்போல மாதம் இரண்டு முறை துடைப்பத்தோடு நிற்பாள். நம்மிடம் விற்ற மனிதரை இத்தனை வருடமாக நாம் திட்டிக்கொண்டிருக்கிறோமே, நம்மை ஒருத்தி அப்படித் திட்டவேண்டுமா என்று கேட்டேன். அவர் எழுந்து போய் மணல் மூட்டை கட்ட ஆரம்பித்தார். அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பயந்த மனிதர் வேறு என்ன செய்வார்?

5

கார்த்திகை அமாவாசை வந்தது. முந்தின நாளெல்லாம் மழை. என் வீட்டுக்காரர் காலையிலேயே மணல் மூட்டைகளை அடுக்கி, சாக்கடை ஓட்டையில் சிமெண்ட் பூசி, சுவரின் வெள்ளைக் கோட்டுக்கு மேல் சுண்ணாம்பும் அடித்திருந்தார். சட்டை முழுக்கச் சுண்ணாம்பு. தனபால் சொன்ன நேரத்துக்கு மனைவியோடும் குழந்தையோடும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அரைக்கால் டவுசர், ரப்பர் செருப்பு. வீடு பார்க்க வருகிறவர் போடும் உடுப்பா இது என்று நினைத்தேன்.

இவர் அவர்களை முன்னறையில் உட்காரவைத்து, வீட்டின் காற்றோட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் டீ போடப் போனேன். தண்ணீர் கொதிக்கவில்லை, அதற்குள் குளியலறையில் சத்தம் கேட்டது. புதுச் சிமெண்ட் பெயர்ந்துவிட்டது. கொப்பளித்துக்கொண்டு வந்த தண்ணீர் அடுப்படியைத் தாண்டி முன்னறைக்குப் போய், பேசிக்கொண்டிருந்த இவருடைய காலை நனைத்தது. இவர் காற்றோட்டத்திலிருந்து பேச்சை மாற்றவில்லை. பாவம், வேறு எதைப் பேசுவதென்று தெரியாமல் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்து தனபாலிடம் சொன்னேன்.

"தம்பி, ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணி வீட்டுக்குள்ள வரும். வருசா வருசம் கூடுது. பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு இங்க குடிவராதீங்க."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் ஓய்வுக்காலம் தண்ணீரோடு போகிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தனபால் எழுந்து ஓடவில்லை. குனிந்து உள்ளங்கையில் தண்ணீரை அள்ளினார். நாக்கில் வைத்து ருசி பார்த்தார். பிறகு கொல்லைக்கதவைத் திறந்து பின்னால் பார்த்தார். செத்த பாக்கு மரங்களுக்கு நடுவில் முழங்கால் அளவு தண்ணீர். அதற்கு அப்பால் அலையாத்தி மரங்கள். நேராக அந்தத் தண்ணீருக்குள் இறங்கிப் போய், காலடியிலிருந்து ஒரு கை சேற்றை எடுத்துப் பிசைந்து பார்த்தார்.

திரும்பி வரும்போது அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"அக்கா, குடியிருக்க யாரு வந்தா? எங்களுக்கு மேல காராச்சர்மால வீடு இருக்கு. நான் நண்டு வளர்க்க ஜமீன், நிலம், தேடிட்டு இருக்கேன். கடல் பானி தானா வரணும், தானா போகணும். மோட்டார் போட்டா கட்டுப்படி ஆகாது. அதைப் பாக்கத்தான் அமாவாசைக்கு வந்தேன்."

பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"சார் போன்ல தண்ணியே வராதுன்னு சொல்லிட்டாரு. சேத்து நண்டு செம்மண்ல எப்படி வளரும் சார்? வேணாம்னே முடிவு பண்ணிட்டேன். இவதான் ஒரு தடவை நேர்ல பாத்துரலாம்னு சொன்னா."

அவர் மனைவி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, தண்ணீரில் நின்றபடியே சிரித்தாள். நானும் சிரிக்க ஆரம்பித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் சுண்ணாம்புச் சட்டையோடு எழுந்து வந்தார். பிறகு, தன் வாழ்நாளில் முதல்முறையாக, தண்ணீர் எதுவரைக்கும் ஏறும் என்று ஒருவருக்குப் பெருமையாகக் காட்ட ஆரம்பித்தார். சுண்ணாம்பை நகத்தால் சுரண்டி அந்தக் கோட்டையும் காட்டினார்.

6

வீட்டுக்கென்று தனபால் ஒரு பைசா விலை போடவில்லை. நிலத்துக்கும் வரும் தண்ணீருக்கும்தான் விலை. நாங்கள் தரைக்குக் கொட்டிய கல்லும் சிமெண்டும் யார் கணக்கிலும் வரவில்லை. பேரம் பேசும்போது இவர் கொஞ்சம் முறுக்கினார். நான் முழங்கையால் இடித்தேன். கடனைக் கட்டினோம், ஓய்வுப் பணம் தப்பியது, அதற்கு மேலும் கொஞ்சம் கையில் நின்றது. நிலத்தை அவர் பெயருக்கு மாற்ற அலைந்ததில் மாதங்கள் போயின. நண்டு வளர்ப்பது விவசாயமா, மீன்வளமா என்று முடிவாகாமல் எங்கள் கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருந்தது. அதையும் கடந்தோம். சுவர்களை இடிக்கப் போகிறார்கள் என்றதும் மகள் அந்தப் பென்சில் கோடுகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். மேலே மிஞ்சியிருந்த கோடுகளை எடுத்து அனுப்பினேன். மூன்று வயதும் நான்கு வயதும் எங்கே என்று கேட்டாள். சிமெண்டுக்கு அடியில் இருக்கிறாய் என்றேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். கப்பல் தாமதமானால் இங்கேயும் தக்காளி விலை ஏறத்தான் செய்கிறது. கோடையில் குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை. பரமக்குடியில் பழகின பழக்கம், குடத்தை வரிசையில் வைக்கிறேன். வீட்டு வாடகை வீண் செலவு என்று ஊரிலிருந்து தம்பி போனில் உபதேசம் செய்கிறான். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? வாடகை மாதத்துக்கு ஒருமுறை வரும். இவ்வளவுதான் என்று தெரிந்து வரும். அப்படித் தெரிந்த ஒரு செலவோடு வாழ்வது எவ்வளவு நிம்மதி என்று எனக்குத்தான் தெரியும்.

இன்று காலை பத்து மணி வாக்கில் மகளிடமிருந்து போன். பெங்களூரில் கடலும் கிடையாது, கழியும் கிடையாது. ஆனாலும் போர்ட் பிளேயரில் கடல் ஏறும் நேரத்துக்குத் தன் போனில் இன்னும் அலாரம் வைத்திருக்கிறாள். மணி அடித்ததும் பழக்கத்தில் எனக்குப் போட்டுவிட்டாளாம்.

"அம்மா, தரை காஞ்சிருக்கா?" என்றாள். கேட்டுவிட்டு அவளுக்கே சிரிப்பு.

காய்ந்துதான் இருக்கிறது என்றேன். மத்தியானம் தனபால் ஒரு ஆட்டோக்காரரிடம் வாளி ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். திறந்து பார்த்தால் கால் கட்டிய சேற்று நண்டுகள், கொஞ்சம் கழித்தண்ணீரோடு. முதல் அறுவடையாம். அமாவாசை நண்டுதான் சதைப்பற்றாக இருக்கும், உடனே சமைத்துவிடுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார். அவரைப் பக்திமான் என்று நினைத்தேனே, என்னைச் சொல்லவேண்டும். அமாவாசைக்கு எங்கள் வீட்டில் ஏது கவிச்சி? நண்டுகள் நாளைவரை வாளியிலேயே இருக்கட்டும் என்று அடுப்படி மூலையில் வைத்தேன்.

வாளியைக் குனிந்து பார்த்த என் வீட்டுக்காரர், நம் கொல்லைத் தண்ணீர் அல்லவா இது என்றார். ஆமாம், அதேதான். இந்த வீட்டுக்குள் இன்றைக்கு இருக்கும் கடல் அந்த ஒரு வாளிதான். அவரை ஒரு கை பிடிக்கச் சொல்லி, கட்டிலில் ஏற்றி வைத்திருந்த அரிசி மூட்டையை இறக்கித் தரையிலேயே வைத்தேன்.